பாசித் தட்டில் அச்சான கதை

"ஒரேயொரு மன்னிப்புத்தானே பிள்ளை கேக்கிறன்" என்றார் வாசிகசாலைத் தலைவர். "கடைசியில அந்தப் பொம்பிளை, 'ஐயா, தெரியாமல் கத்திப்போட்டன், மன்னிச்சுக்கொள்ளுங்கோ' எண்டு ஒரு வரி சொல்லட்டும். கதை ஆண்டு விழா மலரில வரும். உம்மட பேரும் வரும்."

அவர் கெட்ட மனிசர் இல்லை. குரலை உயர்த்தவும் இல்லை. மேசையில் என் கதை கிடந்தது. அதற்குப் பக்கத்தில், பழைய சேலைத் துண்டால் மூடி, றோணியோ மெஷின் இருந்தது. ஒரு தாளை ஐம்பது தாளாக்கும் மெஷின், எனக்குத் தெரிய, எங்கள் பக்கத்தில் அது ஒன்றுதான். அச்சகத்துக்குப் போவதென்றால் என் ஒரு மாதத் தையல் போதாது.

எழுபதுகளின் முற்பகுதி அது. மா தட்டுப்பாட்டால், பேக்கரிப் பாணுக்கு விடிய முதலே வரிசையில் நிற்கிற காலம். என் கதையும் ஒரு பாண் வரிசையைப் பற்றியதுதான். கூட்டுறவுச் சங்கக்கடை வாசலில் மூன்று மணித்தியாலம் நின்ற ஒரு பெண்ணுக்கு, "பாண் முடிஞ்சுது, எல்லாரும் போங்கோ" என்று மனேச்சர் சொல்கிறார். சனம் கலைகிறது. அந்தப் பெண் மட்டும் கடையைச் சுற்றிப் பின்னால் போய்ப் பார்க்கிறாள். பின்கதவால் ஒரு சாக்குப் பை பாண் போகிறது. அவள் நேரே அந்தக் கதவுப் படியில் போய்க் குந்திக்கொண்டு, எல்லாருக்கும் கேட்கச் சத்தமாய்ச் சொல்கிறாள்: "பாண் இந்தக் கதவால வாறதெண்டால், நாளையில இருந்து வரிசையும் இஞ்சதான்." அதோடு கதை முடிகிறது.

அந்த வரி நான் யோசித்து எழுதியதில்லை. ஒருநாள் எங்கள் சங்கக்கடை வரிசையில் என் காதால் கேட்டது. சொன்ன மனிசியை அதற்கு முதலும் கண்டதில்லை, பிறகும் கண்டதில்லை. குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு லிங்கநகர்ப் பக்கம் நடந்து போனா. அவ மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்காத மன்னிப்பை அவவின் வாயில் நான் எப்படித் திணிக்கிறது?

எனக்கு எழுத்தென்று ஒன்று வந்ததே அப்படித்தான். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்தது. பிறகு தையல். துறைமுகத்துக்குப் போகிற தெருவில் இருந்து பிரிகிற ஒரு ஒழுங்கையில் அம்மாவோடு இருந்தேன். சட்டைக்கு அளவெடுக்க வருகிற பெண்கள் கைகளைத் தூக்கிக்கொண்டு நிற்கிற நேரத்தில் என்ன கதையெல்லாம் கதைப்பார்கள் தெரியுமா! அதில் நல்லதை அளவுக் கொப்பியின் பின்பக்கத்தில் எழுதி வைப்பேன். மீன் விற்க வருகிறவரையும் விடுவதில்லை. "இது எப்ப பிடிச்ச மீன்?" என்று அம்மா கேட்டால், "பிடிபட்டது அதுக்கே இன்னும் தெரியாது அக்கா" என்பார். இப்படி முன்பக்கம் முழுக்க இடுப்பளவு, பின்பக்கம் முழுக்கச் சனத்தின் வாய்.

"அப்ப கதையைத் தாங்கோ" என்றேன் தலைவரிடம்.

"தந்தால் எங்க அடிப்பீர்?"

"நானே அடிக்கிறன்."

அவர் சிரித்தார். "எதில? சட்டை தைக்கிற மெஷினிலயோ?" பிறகு சிரிப்பை விட்டுவிட்டு, "அந்த மனேச்சரின்ர மனிசிக்கும் நீர்தானே தைக்கிறீர்? கொஞ்சம் யோசியும்" என்றார்.

வீட்டுக்கு வந்து சொன்னேன். அம்மா உலைமூடியை இறக்கி வைத்துவிட்டு, "உனக்கு மூளை பின்னால நடந்து வரும், நாக்குத்தான் முன்னால ஓடும்" என்றா. அதையும் கொப்பியில் எழுதிவைத்தேன்.

ஆனால் சொன்னது சொன்னதுதான். அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்கு அடுத்த ஞாயிறு வாசிகசாலை ஆண்டு விழா. அன்றைக்கு மலர் வரும். அதே நாளில் என் கதையும் வரவேண்டும். மன்னிப்பில்லாமல் வரவேண்டும். வராவிட்டால், இந்தப் பிள்ளை வீறாப்புப் பேசினதுதான் மிச்சம் என்று ஒழுங்கை முழுக்கச் சிரிக்கும். அதைவிட, அந்தக் குடைக்கார மனிசி சொன்னது என் கொப்பியோடேயே கிடந்து செத்துப்போகும்.

செய்து பார்க்கிறது எங்களுக்குப் புதினமில்லை. வெளிநாட்டுச் சாமான் வராமல் நின்றபிறகு ஆளாளுக்கு ஒரு தொழிற்சாலை வைத்திருந்தோம். பொத்தான் கிடைக்காதபோது சிரட்டையை உரைத்துத் துளை போட்டுப் பொத்தான் செய்தேன். கால்மெஷின் பட்டி அறுந்தபோது பழைய சைக்கிள் டியூப்பை வெட்டிப் போட்டேன். அது ஓடும்போது பூனை கத்துகிற மாதிரி ஒரு சத்தம் வரும், ஆனால் ஓடும். முன்வீட்டு அண்ணை துறைமுகக் கிடங்கில் வேலை. அவர் தேய்ந்த ரப்பர் செருப்பின் அடியைச் சவர பிளேட்டால் செதுக்கி சீல் வெட்டுவார். பெயர், முகவரி, பூ, மயில், எது கேட்டாலும் வெட்டித் தருவார். "செருப்பால அடிக்கிறதில எனக்கு மிஞ்சின ஆளில்லை" என்பது அவருடைய ஒரே பகிடி. தினமும் சொல்லுவார்.

எனக்கு ஞாபகம் வந்தது ஒரு சரைத் தாள். மல்லி சுற்றி வந்தது. சரைத் தாள்களை வாசிக்காமல் நான் எறிவதில்லை. என் பள்ளிக்கூடத்தின் மிச்சப் பாதி அதில்தான் நடந்தது. ஏதோவொரு பழைய சஞ்சிகையின் வீட்டுக் குறிப்புப் பக்கம் அது. வீட்டிலேயே பிரதி எடுக்கும் முறை என்று போட்டிருந்தது. ஜெலற்றினையும் கிளிசரினையும் காய்ச்சித் தட்டில் ஊற்றி உறைய விடவேண்டும். கொப்பிப் பென்சிலால், அதுதான் நாக்கில் தொட்டால் ஊதா நிறமாகிற பென்சில், எழுதிய தாளைத் தட்டின்மேல் கவிழ்த்து அழுத்தவேண்டும். மை தட்டில் இறங்கிவிடும். பின்னர்... என்ற இடத்தில் கடைக்காரர் தாளைக் கிழித்திருந்தார்.

பின்னர் என்னவென்று நாங்கள் பார்த்துக்கொள்வோம் என்று நினைத்துக்கொண்டு பக்கத்து வீட்டு ராத்தாவிடம் போனேன். ராத்தா கிண்ணியாவில் இருந்து எங்கள் ஒழுங்கைக்குக் கலியாணம் முடித்து வந்தவ. ஜெலற்றின் அந்த நாளில் எங்கே கிடைக்கும்? ஆனால் ராத்தா நோன்புக்குக் காய்ச்சுகிற கடல்பாசி, தட்டில் ஊற்றினால் கண்ணாடி மாதிரி உறைந்து நிற்கும். அதைத்தான் நினைத்தேன்.

"பாசி இருக்கு. நோன்புக்கெண்டு வச்சது" என்றா ராத்தா. "என்னத்துக்குப் புள்ள?"

"கதை அச்சடிக்க."

ராத்தா என்னை மேலும் கீழும் பார்த்தா. "பாசியிலயா? திங்கிற சாமானில கதை எழுதப் போறியா?"

"ஓம் ராத்தா. கொஞ்சம் கிளிசரினும் வேணும்."

"அது சின்னவன்ட வாய்ப்புண்ணுக்கு வாங்கினது." போத்தலை எடுத்து ஆட்டிப் பார்த்தா. "சரி, அவனுக்கு இப்ப வாய் நல்லாத்தான் இருக்கு, ஊரையே கூட்டுறான். எடு."

முதல் தடவை பாசி இளகிப்போய்க் கிடந்தது. அழுத்தினால் விரல் இறங்கியது. "இது கதை இல்ல புள்ள, கஞ்சி" என்றா ராத்தா. இரண்டாம் தடவை தண்ணீரைக் குறைத்து, கிளிசரின் போத்தலை முழுக்கக் கவிழ்த்தோம். இரண்டு கேக் தட்டுகளில் ஊற்றினோம். கதை இரண்டு பக்கம். பக்கத்துக்கு ஒரு தட்டு. அது உறைந்து, தோல் மாதிரி ஒரு உறுதியோடு நின்றபோது ராத்தா தட்டிப் பார்த்துவிட்டு, "மாஷா அல்லாஹ், மாடு மிதிச்சாலும் தாங்கும்" என்றா.

எழுதுகிற வேலையை முன்வீட்டு அண்ணையிடம் கொடுத்தேன். என் எழுத்து கோழி கிளறினமாதிரி. அவர் எழுத்து அச்சுப் போல. கொப்பிப் பென்சிலும் அவரிடம்தான் ஒரு துண்டு இருந்தது. அவர் சரைத் தாளை இரண்டு முறை வாசித்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றினார்.

"தங்கச்சி, இதைத் திருப்பித்தான் எழுத வேணும்."

"ஏன் அண்ணை? தாளில அப்படிப் போடேல்லையே."

"கிழிஞ்ச பாதியில போட்டிருக்கும். இருபது வருசமாய் சீல் வெட்டுறன். சீலில எழுத்து இடம்வலம் மாறித்தான் இருக்கவேணும். அப்பதான் குத்தினால் நேராய் விழும். நேராய் எழுதிக் கவிழ்த்தால் எல்லாம் தலைகீழாய்ப் போம்."

இதற்கு மேல் எனக்கு என்ன தெரியும்? சீலைப் பற்றி அவரோடு வாதாட எங்கள் ஒழுங்கையில் ஆளில்லை. நான்கு பின்னேரம், வேலையால் வந்து முகம் கழுவியதும், அவர் எங்கள் வீட்டுக் கதிரையில் இருந்து வலமிருந்து இடமாக எழுதினார். கொம்பும் காலும் சுழியும் எல்லாம் மறுபக்கம் பார்த்து நின்றன. பிழை பார்ப்பதற்குத் தாளை அலுமாரிக் கண்ணாடிக்கு முன்னால் பிடித்தோம். கண்ணாடிக்குள் கதை நேராக இருந்தது. ஒரு புள்ளி விடுபட்டிருந்தது. அதையும் திருப்பித் தேடிப் போட்டார். கடைசிச் சொல் முடியும்போது பென்சில் நகத்தளவுக்கு வந்துவிட்டது.

பிரதி எடுக்க என்னிடம் இருந்தது சட்டைக்கு அளவு மாதிரி வெட்டுகிற மெல்லிய தாள். ஊரைவிட்டுப் போன ஒரு துரைசானி விற்ற சாமான்களோடு ஒரு சுருளாய்க் கிடைத்தது. பல வருடமாய்ச் சிக்கனமாய் வைத்திருந்தேன். அதை முழுக்க வெட்டினேன்.

சனிக்கிழமை காலை, அடுக்களைக்குப் பின்னால் மேசை போட்டோம். அண்ணை முதல் தாளைத் தட்டின்மேல் கவிழ்த்து, குழந்தையின் முதுகைத் தடவுகிற மாதிரித் தடவினார். இரண்டாவது தட்டிலும் அப்படியே. கொஞ்ச நேரம் பொறுத்து மெல்ல உரித்தார்.

பாசியின்மேல் ஊதா எழுத்து! நல்ல நேரான எழுத்து! ஒரு எழுத்துக்கூட உடையாமல், நீர்ப்பளபளப்போடு, கதை முழுக்கத் தட்டில் நின்றது. ராத்தா கைகொட்டினா. அம்மாகூட எட்டிப் பார்த்தா. "பாத்தியளோ!" என்றார் அண்ணை. "திருப்பி எழுதாட்டி இப்பிடி வந்திருக்குமோ?" ராத்தா தேத்தண்ணி போட்டுக்கொண்டு வருகிறேன் என்று தன் குசினிக்கு ஓடினா.

நான் மெல்லிய தாளைத் தட்டில் விரித்துத் தடவி உரித்தேன்.

திருப்பிப் பார்த்தேன். ஒரு எழுத்தும் வாசிக்கேலாது. எல்லாம் இடம்வலம் மாறிக் கிடந்தது.

இரண்டாவது தட்டில் இன்னொரு தாள் எடுத்தேன். அதுவும் அப்படித்தான். மூன்றாவதையும் எடுத்தேன், ஏதோ மூன்றாவது தாள் மனம் மாறும் என்கிறமாதிரி.

அண்ணை தட்டைப் பார்த்தார், தாளைப் பார்த்தார், திரும்பவும் தட்டைப் பார்த்தார். "ஐயோ தங்கச்சி" என்றார். "நான் தாளைச் சீல் எண்டு நினைச்சிட்டன். சீல் தாளில்லை. பாசிதான் சீல்."

அப்போதுதான் எனக்கும் விளங்கியது. நேராக எழுதியிருந்தால் தட்டில் மாறி இறங்கி, பிரதியில் நேராக வந்திருக்கும். சீலைப் பற்றி ஒன்றும் தெரியாத ஒரு ஆள் எழுதியிருந்தால் எல்லாம் சரியாய்ப் போயிருக்கும்.

திரும்ப எழுதப் பென்சில் இல்லை. பாசி இல்லை. நோன்புக்கு வைத்ததை முடித்தாயிற்று, பிள்ளையின் மருந்தையும் முடித்தாயிற்று. நாளைக்கு ஞாயிற்றுக்கிழமை. அண்ணையைத் திட்டவும் ஏலாது. நாலு பின்னேரம் குனிந்திருந்த மனிசன். கழுத்தைத் தடவிக்கொண்டு நின்றார். ஈரமாய் இருந்த மூன்று தாளையும் எறிய மனம் வராமல், எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் கட்டியிருக்கிற உடுப்புக் கொடியில் கொழுவிவிட்டு, படியில் குந்தினேன். சட்டை நுனியால் கண்ணைத் துடைத்தது ஞாபகம் இருக்கிறது.

தலைவரிடம் போய், மன்னிப்பைச் சேர்த்துவிடுங்கோ என்று சொல்லலாமா என்றுகூட ஒரு நிமிடம் நினைத்தேன். உண்மையைச் சொல்லவேண்டும். நினைத்தேன்.

அப்போது கொடிக்கு அந்தப் பக்கத்தில் இருந்து ஒரு குரல்.

"விடிய முதலே... வரிசை... கடை வாசலைத் தாண்டி... வேப்பமரம் வரைக்கும் போயிருந்தது..."

ராத்தா. கையில் தேத்தண்ணித் தட்டத்தோடு தன் வீட்டுப் பக்கம் நின்று, எழுத்துக் கூட்டி வாசித்துக்கொண்டிருந்தா. காலை வெய்யில் தாளுக்குள்ளால் பாய்ந்தது. "குடையைக் கக்கத்தில் வைத்திருந்தாள்... என்னது, இவ குடையோட வந்திருக்கா!" என்று சிரித்தா. "பாண் முடிஞ்சுது, எல்லாரும் போங்கோ... நாசமாப் போவான்! பொறகு?" அடுத்த தாளுக்கு நகர்ந்தா.

நாங்கள் மூன்று பேரும் கொடிப் பக்கம் திரும்பினோம்.

"பாண் இந்தக் கதவால வாறதெண்டால், நாளையில இருந்து வரிசையும் இஞ்சதான்." ராத்தா தட்டத்தைக் கீழே வைத்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தா. பிறகு கொடிக்குக் கீழால் குனிந்து எங்கள் பக்கம் வந்து முகங்களைப் பார்த்தா. "என்ன, மையத்து எடுக்கிற வீடு மாதிரி இருக்கிறீங்க? நல்லாத்தானே வந்திருக்கு?"

நான் ஓடிப்போய் அந்தப் பக்கம் நின்று பார்த்தேன். தாள் அவ்வளவு மெல்லிசு. ஊதா மை ஊறி மறுபக்கத்துக்கு வந்திருந்தது. பின்னால் இருந்து பார்த்தால் எழுத்து நேர். ஒரு குறையும் இல்லை.

அந்த நேரம் எனக்கு வந்த மூச்சை எப்படிச் சொல்கிறது? இறுக்கித் தைத்த சட்டையின் கொக்கி கழன்ற மாதிரி. அண்ணை படியில் அப்படியே இருந்து, "பின்பக்கத்தால வாசிக்கத்தான் நான் அப்பிடி எழுதினது" என்றார். அம்மா தேத்தண்ணியை அவர் கையில் வைத்து, "குடிச்சிட்டுப் பொய் சொல்லுங்கோ" என்றா.

மை மங்கும்வரைக்கும் எடுத்தோம். முப்பதைத் தாண்டியது. கடைசித் தாள்களில் கதை புகை மாதிரித் தெரிந்தது. அதை எங்களுக்கென்று வைத்துக்கொண்டோம். ஒவ்வொன்றிலும் இரண்டு தாளையும் சேர்த்து ஓரத்தில் மெஷினில் ஒரு தையல் ஓட்டினேன். மை விழுந்த பக்கத்தின் மூலையில், சாதாரணப் பேனையால் அண்ணை இடமிருந்து வலமாக எழுதினார்: "திருப்பி, வெளிச்சத்துக்குப் பிடித்து வாசிக்கவும்." அதை எழுதும்போது அவருக்குக் கை தடுமாறியது. நாலு நாளில் பழக்கம் மாறிவிட்டதாம்.

ஞாயிற்றுக்கிழமை, விழாவுக்குப் போகிற சனத்துக்குத் தெருமுனையில் நின்று கொடுத்தோம். வாங்கினவர்கள் முதலில் தாளைக் குழப்பத்தோடு பார்த்தார்கள், பிறகு மூலையில் இருந்ததை வாசித்தார்கள், பிறகு ஒவ்வொருவராய் இரண்டு கையாலும் வெய்யிலுக்குத் தூக்கினார்கள். தெருவில் ஒரு பத்துப் பேர், கிரகணம் பார்க்கிற மாதிரி, வானத்தைப் பார்த்துக்கொண்டு என் கதை வாசித்தார்கள். உப்புவெளி பஸ்ஸால் இறங்கிய ஒருவர் வாசித்து முடித்துவிட்டு, "பின்கதவால போற பாணுக்குப் பின்பக்கத்தால ஒரு கதை, நல்லா யோசிச்சுத்தான் செய்திருக்கினம்" என்றார். அண்ணை தொண்டையைச் செருமிக்கொண்டு, "ஓம், யோசிச்சுத்தான்" என்றார்.

தலைவர் வந்தார். ஒரு பிரதி கேட்டு வாங்கி, மற்றவர்களைப் போலவே தூக்கிப் பிடித்து, முடிவு வரைக்கும் வாசித்தார்.

"மன்னிப்பில்லை" என்றார், தாளை இறக்காமலே.

"இல்லை ஐயா."

"ம்." விரலை ஒரு வரியில் வைத்தார். "ரெண்டாம் பக்கத்தில வல்லின 'ற' வரவேண்டிய இடத்தில இடையின 'ர' போட்டிருக்கிறீர்." மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு விழாவுக்குப் போய்விட்டார். எழுத்துப் பிழையோடு தப்பினேன்.

மனேச்சரின் மனிசி இனி வரமாட்டா என்றுதான் இருந்தேன். ஒரு கிழமை கழித்துச் சட்டைத் துணியை யாரிடமோ கொடுத்தனுப்பியிருந்தா. கை கொஞ்சம் இறக்கமாய் வேணுமாம். கதையைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. அந்தத் துணியை நான் மடியில் விரித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். "வெட்டு, என்னத்தைப் பாக்கிறாய்?" என்றா அம்மா.

அதற்குப் பிறகு ஒரு விடியல் பாண் வரிசையில் நிற்கிறேன். எனக்குப் பின்னால் இரண்டு பெண்கள். இருவரையும் தெரியாது. ஒருத்தி கையில் என் தாள், மடிப்புகளில் கிழியத் தொடங்கியிருந்தது. யாரோ யாருக்கோ கொடுத்து, அங்கிருந்து இங்கே வந்திருக்கவேண்டும்.

"அப்பிடிச் சொல்லிப்போட்டு அவள் ஒரு சொல்லு மன்னிப்புக் கேட்டிருக்கலாம்" என்றா ஒருத்தி. "ஆம்பிளையள் நிக்கிற இடம்."

"ஏன் கேக்க வேணும்? பாணை எடுத்தவன் கேட்டவனோ?"

"எண்டாலும்..."

"என்ன எண்டாலும்? நீ போய்க் கேள் அவளுக்காக."

அவர்கள் சத்தம் கூடக்கூட முன்னால் நின்றவர்களும் திரும்பினார்கள். ஒரு கிழவர், அந்தப் பொம்பிளை எங்கடை ஊர்தான் என்று சத்தியம் பண்ணினார். இன்னொருவர் இல்லை, மூதூர் என்றார். நான் பாண் பையை மடித்துக்கொண்டு நின்றேன்.

தாள் வைத்திருந்தவ என் தோளில் தட்டினா. "தங்கச்சி, நீங்கள் சொல்லுங்கோ. இதை வாசிச்சனீங்களோ?"

"ஓம் அக்கா" என்றேன். "வாசிச்சனான்."

"அப்ப, அவள் கேட்டிருக்க வேணுமோ, இல்லையோ?"

"இல்லை" என்றேன்.

"பாத்தியே!" என்று அவ மற்றவளைப் பார்த்துக் கண்ணை உருட்டினா. வரிசை ஒரு அடி முன்னால் போனது. நாங்களும் போனோம்.